புதிதாக அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லையா? எல்லைப்புற வீடுகளுக்கான கேள்வி பதில்கள்

கேரள, தமிழ்நாடு எல்லையில் உள்ள கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் பக்கம் பிள்ளைகள் பாகம் பாகமாக வாங்கி வீட்டிலேயே கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்கிறார்கள். பாதிப் பொருள் கோவைக் கடையில், மீதி ஆன்லைனில். எல்லாவற்றையும் மாட்டி முடித்துப் பட்டனை அமுக்கும்போது ஒன்றும் நடக்காவிட்டால் வயிற்றைக் கலக்கிவிடும். வீட்டில் சேர்த்து வைத்துக் கொடுத்த பணம் அது. அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: புது மெஷின் ஓடாததற்குக் காரணம் பெரும்பாலும் செத்துப்போன பாகம் இல்லை, சரியாக உட்காராத பாகம். சுவரிலிருந்து தொடங்கி உள்ளே போங்கள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம் செய்யுங்கள். கீழே இருப்பவை இந்தப் பக்கத்தில் திரும்பத் திரும்ப என்னிடம் கேட்கப்படும் கேள்விகள்.

பட்டனை அமுக்கினால் ஒன்றுமே இல்லை. விசிறியும் சுற்றவில்லை, லைட்டும் எரியவில்லை. எங்கே பார்ப்பது?

முதலில் சுவர் பிளக். அதே பிளக்கில் மிக்சியையோ டேபிள் ஃபேனையோ போட்டு ஓடுகிறதா பாருங்கள். ஸ்பைக் பஸ்டர் இருந்தால் அதைக் கழற்றிவிட்டு நேராகச் சுவரில் மாட்டுங்கள். அடுத்து எஸ்.எம்.பி.எஸ். (எல்லாப் பாகங்களுக்கும் கரண்ட் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) பின்பக்கம் இருக்கும் சின்ன சுவிட்ச். அதில் வட்டம் போட்ட பக்கம் அமுங்கியிருந்தால் ஆஃப், கோடு போட்ட பக்கம் அமுங்கியிருந்தால் ஆன். பவர் கேபிள் எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குள் முழுசாக இறங்கியிருக்க வேண்டும். புதுக் கேபிள் இறுக்கமாக இருக்கும். பாதி போனதுமே முழுசும் போய்விட்டது என்று தோன்றும்.

அப்புறம் மதர்போர்டுக்கு, அதாவது எல்லாப் பாகங்களும் வந்து மாட்டும் பெரிய பலகைக்கு, போகும் 24 பின் கேபிள். அதன் கொக்கி "டக்" என்று மாட்டிக்கொள்ளும் வரை அழுத்த வேண்டும். போர்டு லேசாக வளைகிறதே என்று பயந்து பாதியில் விட்டுவிடுகிறவர்கள் அதிகம். போர்டின் அடியில் ஒரு கையைத் தாங்கலாகக் கொடுத்து அழுத்துங்கள்.

இவ்வளவும் சரி, இன்னும் உயிரே இல்லை என்றால் கேபினட்டின், அதாவது வெளிப்பெட்டியின், பவர் பட்டனிலிருந்து வரும் இரண்டு பின் வயரைச் சந்தேகப்படுங்கள். போர்டின் கீழ் ஓரத்தில் குட்டிக் குட்டி ஊசிகளாக ஒரு கூட்டம் இருக்கும். அதில் எந்த இரண்டில் இது போக வேண்டும் என்று மதர்போர்டோடு வந்த புத்தகத்தில் படம் போட்டிருக்கும். பவர் பட்டன் வயரை எந்தப் பக்கம் திருப்பி மாட்டினாலும் வேலை செய்யும். லைட் வயரைத்தான் பிளஸ், மைனஸ் பார்த்து மாட்ட வேண்டும்.

பட்டனே கெட்டிருக்குமோ என்று சந்தேகம் வந்தால் அந்த வயரைக் கழற்றிவிட்டு, அது இருந்த இரண்டு ஊசிகளையும் ஒரு ஸ்க்ரூட்ரைவர் முனையால் ஒரு நொடி சேர்த்துத் தொடுங்கள். பட்டன் செய்வதும் அதே வேலைதான். மெஷின் ஓடினால் போர்டு நன்றாக இருக்கிறது, பட்டனில்தான் கோளாறு.

எஸ்.எம்.பி.எஸ்.ஸை மட்டும் தனியாகச் சோதிக்க முடியுமா?

முடியும். கரண்டை நிறுத்திவிட்டு, எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து வரும் எல்லா வயர்களையும் பாகங்களிலிருந்து கழற்றுங்கள். 24 பின் முனையில் 16-ம் பின்னையும் 17-ம் பின்னையும் ஒரு பேப்பர் கிளிப்பால் இணைத்த பிறகு கரண்டைப் போடுங்கள். கலர் வயர் என்றால் பச்சையும் பக்கத்திலுள்ள கறுப்பும். இப்போது வரும் எஸ்.எம்.பி.எஸ்.களில் எல்லா வயரும் கறுப்பாகவே இருப்பதால் பின் எண்ணைப் புத்தகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். விசிறி சுற்றினால் அடிப்படை உயிர் இருக்கிறது. சில மாடல்களில் லோடு இல்லாதபோது விசிறி சுற்றவே சுற்றாது. அப்படிப்பட்டதை இந்தச் சோதனையால் மட்டும் கெட்டது என்று தள்ளிவிடாதீர்கள்.

எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டரில் உயிரை எடுக்கும் அளவுக்குக் கரண்ட் நிற்கும்.

இன்னொன்று. கழற்றி மாட்டும் வகை எஸ்.எம்.பி.எஸ். என்றால், பழைய எஸ்.எம்.பி.எஸ்.ஸின் கேபிள்களை இதில் போடக் கூடாது. முனை அச்சு அசலாகப் பொருந்தும், ஆனால் உள்ளே வயர் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஹார்ட் டிஸ்க்கும் போர்டும் எரிந்துபோகும்.

தம்பி, பையன் புதுசா கம்ப்யூட்டர் போட்டிருக்கான். தகரப் பெட்டியைத் தொட்டா கை ஜிவ்வுங்குது. மெஷின்ல கோளாறா, வீட்டுல கோளாறா?

பெரும்பாலும் வீட்டில்தான் அக்கா. பையன் சரியாகத்தான் மாட்டியிருப்பான்.

எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குள் இரைச்சலை வடிகட்ட இரண்டு சின்ன கெப்பாசிட்டர்கள் உண்டு. ஒன்று பேஸுக்கும் (கரண்ட் வரும் வயர்) தகரப் பெட்டிக்கும் நடுவில், இன்னொன்று நியூட்ரலுக்கும் பெட்டிக்கும் நடுவில். சுவரில் எர்த் இருந்தால் அந்தச் சிறு கசிவு மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லாவிட்டால் பெட்டி 230 வோல்ட்டில் பாதி, அதாவது 115 வோல்ட் அளவில் மிதந்துகொண்டிருக்கும். டெஸ்டர் வைத்தால் லேசாக எரியும், கை வைத்தால் ஜிவ்வென்று இருக்கும். கரண்ட் மிகக் குறைவு என்பதால் தூக்கி அடிக்காது. ஆனால் அப்படியே விட்டுவிடக் கூடாது. எர்த் இல்லாத மெஷினுக்குள் ஒரு பேஸ் வயர் பெட்டியைத் தொட்டுவிட்டால் முழுக் கரண்டும் அதில் நிற்கும். தொடுகிறவர் வழியாகத்தான் அது மண்ணுக்குப் போகும். கேபிள் டிவி இணைத்த டிவியில் எச்.டி.எம்.ஐ. மாட்டும்போது பொறி பறந்து போர்ட் போவதற்கும் இந்தக் கசிவே காரணம்.

இந்தப் பக்கத்துப் பழைய ஓட்டு வீடுகளில் இரண்டு ஓட்டைப் பிளக்தான் இருக்கும். சில வீடுகளில் பின்னால் மூன்று ஓட்டைப் பிளக் வைத்திருப்பார்கள், ஆனால் மேல் ஓட்டைக்கு உள்ளே வயரே இருக்காது. எர்த் குழி சரியாகப் போட்ட வீட்டிலும் கோடையில் மண் வறண்டுவிட்டால் எர்த் பலம் குறையும். பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவின் கிழக்கே மழை குறைவு. மாசி, பங்குனியில் எர்த் குழியில் தண்ணீர் ஊற்றுவது பெரியவர்களின் பழக்கம், காரணத்தோடு வந்த பழக்கம் அது.

லைசென்ஸ் உள்ள வயர்மேனைக் கூப்பிட்டு எர்த்தை அளக்கச் சொல்லுங்கள். மூன்று பின் பிளக்கின் எர்த் பின்னை உடைத்துவிட்டு இரண்டு ஓட்டைப் பிளக்கில் சொருகும் வேலையை யார் சொன்னாலும் செய்யாதீர்கள். கம்ப்யூட்டருக்குச் செலவழித்ததில் ஒரு சிறு பங்கு எர்த்துக்கும் போகட்டும். அந்தப் பிளக்கை நாளைக்கு வாஷிங் மெஷினுக்கும் பயன்படுத்துவீர்கள்.

கம்ப்யூட்டர் பிளக்கைப் போட்டாலே வீட்டு இ.எல்.சி.பி. விழுந்துவிடுகிறது. எஸ்.எம்.பி.எஸ். ஷார்ட்டா?

அவசரப்பட்டு அப்படி முடிவு கட்ட வேண்டாம். இ.எல்.சி.பி. என்பது கரண்ட் கசிந்தால் தானாக இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச். வீடுகளில் போடுவது பெரும்பாலும் 30 மில்லி ஆம்பியர் அளவுடையது. 15-ஐத் தாண்டினாலே அது விழலாம். மேலே சொன்ன கெப்பாசிட்டர் கசிவு, நன்றாக இருக்கும் மெஷினிலும் கொஞ்சம் உண்டு. ஈரம் ஏறிய தண்ணீர் மோட்டார், பழைய ஃப்ரிட்ஜ், ஹீட்டர் இவையெல்லாம் ஏற்கெனவே கொஞ்சம் கொஞ்சமாகக் கசியவிட்டிருந்தால், கம்ப்யூட்டரின் சிறு கசிவும் சேர்ந்து அளவைத் தாண்டிவிடும். மற்றதையெல்லாம் பிடுங்கிவிட்டுக் கம்ப்யூட்டரை மட்டும் போட்டுப் பாருங்கள். அப்போது விழாவிட்டால் கசிவு வேறு இடத்தில். தனியாகப் போட்டும் விழுந்தால் எஸ்.எம்.பி.எஸ்.ஸை மாற்றக் கேளுங்கள். இ.எல்.சி.பி.யைச் சுற்றிக்கொண்டு வயர் போடுவது மட்டும் வேண்டவே வேண்டாம்.

விசிறி ஒரு நொடி சுற்றி நின்றுவிடுகிறது. மறுபடி தானாகவே சுற்றி நிற்கிறது.

பெரும்பாலும் ஷார்ட், அல்லது பிராசசருக்குக் கரண்ட் போகவில்லை. போர்டின் மேல் இடது மூலையில் 8 பின் இடம் ஒன்று இருக்கும். 24 பின்னை மாட்டிவிட்டு இதை மறந்துவிடுவது சகஜம். இதற்கான கேபிள் நாலும் நாலுமாகப் பிரியும். கிராபிக்ஸ் கார்டுக்கான கேபிள் ஆறும் இரண்டுமாகப் பிரியும். இரண்டும் பார்க்க ஒன்று போலத்தான் இருக்கும், ஆனால் ஒன்றை மற்றதில் போடக் கூடாது. கேபிள் முனையில் எழுதியிருப்பதைப் படித்து மாட்டுங்கள்.

ஷார்ட் என்றால் போர்டின் அடியில் பாருங்கள். போர்டைத் தாங்க கேபினட்டில் பித்தளை ஸ்டாண்டுகள் திருகியிருக்கும். போர்டில் ஓட்டை இல்லாத இடத்தில் ஒரு ஸ்டாண்ட் கூடுதலாக நின்றால் அது போர்டின் முதுகைத் தொட்டு ஷார்ட் ஆக்கும். கீழே விழுந்து தேடாமல் விட்ட ஸ்க்ரூவும் அப்படித்தான். பின்பக்கத் தகடு தனியாக வரும் போர்டில், அந்தத் தகட்டின் சின்ன நாக்கு யூ.எஸ்.பி. ஓட்டைக்குள் நுழைந்து கிடக்கும். கண்ணில் படவே படாது.

இதற்கு நல்ல வழி, போர்டைக் கழற்றி அதன் அட்டைப் பெட்டி மேலேயே வைத்து ஓட்டிப் பார்ப்பது. பிராசசர், கூலர், ஒரே ஒரு ராம், எஸ்.எம்.பி.எஸ். இவ்வளவு போதும். பிராசசரில் டிஸ்ப்ளே இல்லையென்றால் கிராபிக்ஸ் கார்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அட்டை மேல் ஓடி கேபினட்டுக்குள் ஓடாவிட்டால் கோளாறு கேபினட் பக்கம். அட்டை மேலும் ஓடாவிட்டால் சந்தேகப்பட வேண்டிய பாகங்கள் மூன்று நான்காகச் சுருங்கிவிடும். அரைமணி வேலைதான். பலர் இதைத் தள்ளிப்போட்டுவிட்டு நாள்கணக்கில் தவிக்கிறார்கள்.

விசிறியும் சுற்றுகிறது, லைட்டும் எரிகிறது. மானிட்டரில் மட்டும் "நோ சிக்னல்". என்னண்ணா செய்வது?

முதல் கேள்வி: மானிட்டர் கேபிளை எங்கே மாட்டியிருக்கிறாய்? கிராபிக்ஸ் கார்டு போட்டிருந்தால் கேபிள் அந்தக் கார்டில்தான் மாட்ட வேண்டும், மதர்போர்டில் இல்லை.

கார்டு வாங்கவில்லை என்றால் பிராசசரின் பெயரைப் பார். இன்டெல்லில் கடைசியில் எஃப் என்று முடிந்தால் அதில் டிஸ்ப்ளே கிடையாது. 12400-ல் உண்டு, 12400எஃப்-ல் இல்லை. ஏஎம்டி ரைசன் 5600-ல் இல்லை, 5600ஜி-யில் உண்டு. 7600-ல் உண்டு, 7500எஃப்-ல் இல்லை. விலை குறைவு என்று எஃப் வாங்கிவிட்டு, மதர்போர்டில்தான் எச்.டி.எம்.ஐ. ஓட்டை இருக்கிறதே என்று நம்புகிறார்கள். ஓட்டை இருக்கும், படம் வராது. பாகம் எதுவும் கெடவில்லை, கார்டு ஒன்று வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்து ராம். புது மெஷினில் படம் வராததற்கு அடிக்கடி காரணமாக இருப்பது இதுதான். பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனை ஒருமுறை அமுக்கி மிச்சக் கரண்டை வடியவிட்டு, ராமைக் கழற்றி மறுபடி மாட்டு. இரண்டு முனையிலும் சரியாக அழுத்த வேண்டும். ஒரு பக்கம் மட்டும் கொக்கி உள்ள போர்டில் கொக்கியில்லாத முனை தூக்கிக்கொண்டு நிற்கும். நான்கு இடம் உள்ள போர்டில், பிராசசரிலிருந்து எண்ணினால் இரண்டாவதும் நான்காவதும்தான் முதலில் நிரப்ப வேண்டியவை. ஒரே ராம் என்றால் இரண்டாவது இடம். இரண்டு ராம் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார். டிடிஆர்4 போர்டில் டிடிஆர்5 ராம் இறங்காது, வெட்டு இருக்கும் இடமே வேறு. இறங்காததை அழுத்தி உடைத்துவிடாதே.

இதோடு பொறுமையும் வேண்டும். டிடிஆர்5 போர்டுகள், அதிலும் ஏஎம்டி பிராசசருக்கான ஏஎம்5 வகை, முதல்முறை ஆன் செய்யும்போது ராமைப் பழக்கிக்கொள்ள நேரம் எடுக்கும். சில நிமிடம் கறுப்புத் திரைதான். ராம் அதிகம் இருந்தால் 10, 15 நிமிடம்கூட ஆகலாம். நடுவில் தானாக அணைந்து எரியவும் செய்யும். ஒரு நிமிடத்தில் பயந்து ஆஃப் செய்தால் அது மறுபடி முதலிலிருந்து தொடங்கும். ஆன் செய்துவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வா.

போர்டு ஓரத்தில் நாலு குட்டி லைட் இருக்கிறது. அதில் ஒன்று மட்டும் அணையாமல் நிற்கிறது.

நல்ல போர்டு வாங்கியிருக்கிறீர்கள். பக்கத்தில் பொடி எழுத்தில் சிபியு, டிராம், விஜிஏ, பூட் என்று போட்டிருக்கும். மெஷின் இந்த வரிசையில் தன்னைச் சோதித்துக்கொண்டு போகும். எது நிலைத்து எரிகிறதோ அங்கே நின்றுவிட்டது என்று அர்த்தம். சிபியு என்றால் 8 பின் கேபிள், பிராசசர் பின், பயாஸ் (போர்டுக்குள் இருந்து மெஷினை எழுப்பும் மென்பொருள்) பதிப்பு. டிராம் என்றால் ராம். விஜிஏ என்றால் கார்டும் அதன் பவர் கேபிளும். பூட் மட்டும் எரிந்தால் சந்தோஷப்படுங்கள், உள்ளே இன்னும் விண்டோஸ் போடவில்லை, அவ்வளவே. லைட் இல்லாத மலிவு போர்டில், நாலு பின் குட்டி ஸ்பீக்கர் ஒன்று மாட்டினால் பீப் சத்தத்தில் சொல்லும். எந்தச் சத்தத்துக்கு என்ன பொருள் என்பது போர்டுக்குப் போர்டு மாறும், புத்தகத்தைப் பாருங்கள்.

பிராசசர் இந்தப் போர்டில் ஓடும் என்று கடைக்காரர் சொன்னார். ஆனால் ஓடவில்லையே?

ஓடும், பயாஸ் புதியதாக இருந்தால். கடையில் பல மாதம் இருந்த போர்டில் பழைய பயாஸ் இருக்கும். அதற்குப் பின்னால் வெளிவந்த பிராசசரை அதற்கு அடையாளம் தெரியாது. பி450 போர்டில் ரைசன் 5000, எச்610 போர்டில் இன்டெல் 13, 14-ம் தலைமுறை, பி650 போர்டில் ரைசன் 9000 இவையெல்லாம் அப்படி மாட்டிக்கொள்ளும் ஜோடிகள்.

போர்டின் பின்பக்கம் பயாஸ் ஃப்ளாஷ்பேக் பட்டன் இருந்தால் பிராசசர் வேலை செய்யாமலே பயாஸைப் புதுப்பிக்கலாம். பென் டிரைவை ஃபேட்32-ஆக ஃபார்மட் செய்து, கம்பெனி தளத்திலிருந்து சரியான ஃபைலை எடுத்து, புத்தகம் சொல்லும் பெயரில் மாற்றி, குறியிட்ட யூ.எஸ்.பி. ஓட்டையில் போட்டுப் பட்டனை அமுக்கிப் பிடியுங்கள். லைட் மினுக்கும். மினுக்குவது நிற்கும் வரை கரண்ட் போகக் கூடாது. காற்றடிக்கும் ஆடி மாதத்தில் பொழுதோடு போய்ப் போய் வரும் கரண்டை நம்பி இதைத் தொடங்க வேண்டாம். யூபிஎஸ்ஸில் போடுங்கள், இல்லையென்றால் வாங்கின கடையிலேயே செய்து தரச் சொல்லுங்கள்.

பிராசசர் உட்காரும் இடத்தில் ஒரு பின் வளைந்த மாதிரி இருக்கிறது.

அதற்கு மேல் எதையும் அழுத்தாதீர்கள். இன்டெல்லிலும் ஏஎம்5-லும் ஊசிகள் போர்டில் இருக்கும், ஏஎம்4-ல் பிராசசரில் இருக்கும். செல்போன் லைட்டைச் சாய்வாக அடித்தால் வரிசையில் தப்பி நிற்கும் பின் தெரியும். போட்டோ எடுத்துக்கொண்டு செல்போன் போர்டு ரிப்பேர் செய்பவரிடம் காட்டுங்கள். மைக்ரோஸ்கோப்பும் நடுங்காத கையும் அவரிடம் இருக்கும். வளைந்த பின்னுக்குப் பொதுவாக வாரண்டி கிடைக்காது.

பயாஸ் வருகிறது, ஐந்து நிமிடத்தில் தானாக அணைந்துவிடுகிறது.

சூடு. கூலரின் அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரிக்காமல் மாட்டியிருப்பீர்கள், அல்லது நாலு கால்களில் ஒன்று இறங்கியிருக்காது. கூலர் வயர் சிபியு ஃபேன் என்று எழுதிய இடத்தில் இருக்க வேண்டும். பயாஸிலேயே சூட்டின் அளவைக் காட்டும். சும்மா இருக்கும்போதே 90 டிகிரிக்கு ஏறினால் கூலரைக் கழற்றி, பிராசசர் மேல் சூட்டைக் கடத்தப் பூசிய பேஸ்ட்டைத் துடைத்து, புதிதாகப் போட்டு மாட்டுங்கள்.

ராம் வேகத்தைக் கூட்ட பயாஸில் எதையோ மாற்றினேன். அதிலிருந்து படமே இல்லை.

எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போவை ஆன் செய்திருப்பீர்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, போர்டில் இருக்கும் நாணயம் போன்ற சிஆர்2032 பேட்டரியைச் சில நிமிடம் கழற்றி வைத்துப் போடுங்கள். எல்லாம் பழைய நிலைக்கு வந்துவிடும்.

பயாஸ் வரை எல்லாம் சரி. "பூட் டிவைஸ் இல்லை" என்கிறது.

உங்கள் மெஷின் நலமாக இருக்கிறது. புது எஸ்.எஸ்.டி. காலியாகத்தான் வரும். வேறு கம்ப்யூட்டரில் 8 ஜிபி பென் டிரைவில் விண்டோஸ் இன்ஸ்டாலரைத் தயார் செய்து கொண்டுவாருங்கள். பயாஸில் எஸ்.எஸ்.டி.யின் பெயரே தெரியாவிட்டால் அதைக் கழற்றிச் சரியாகச் சாய்த்து மாட்டி ஸ்க்ரூ போடுங்கள். விண்டோஸ் 11 மறுத்தால் பயாஸில் டிபிஎம் என்ற பாதுகாப்பு வசதியை ஆன் செய்ய வேண்டும். ஏஎம்டியில் எஃப்டிபிஎம், இன்டெல்லில் பிடிடி என்ற பெயரில் இருக்கும்.

வீட்டு இன்வர்ட்டரிலேயே ஓட்டலாமா, தனி யூபிஎஸ் வேண்டுமா?

ஸ்கொயர் வேவ் இன்வர்ட்டரில் ஓட்ட வேண்டாம். இப்போதைய எஸ்.எம்.பி.எஸ்.கள் பலவற்றுக்கு அது ஒத்துக்கொள்ளாது. கரண்ட் மாறும் நொடியில் மெஷின் அணைந்து எரியும். சைன் வேவ் என்றால் பரவாயில்லை. 600 விஏ யூபிஎஸ் என்றால் பொதுவாக 360 வாட்தான் தாங்கும். பெரிய கிராபிக்ஸ் கார்டு போட்டவர்கள் இந்தக் கணக்கைப் பார்த்து வாங்குங்கள். புது மெஷினில் கேம் தொடங்கியதும் அணைகிறது என்று வரும் புகார்களில் யூபிஎஸ்ஸைக் கழற்றிச் சுவரில் நேராகப் போட்டதுமே தீர்ந்தவை உண்டு.

ஐப்பசி, கார்த்திகையில் மதியத்துக்கு மேல் இடி மின்னலோடு மழை வரும். வானம் கறுத்தால் கம்ப்யூட்டர் பிளக்கையும் நெட் மோடத்தின் லேன் கேபிளையும் பிடுங்கிவிடுங்கள். சுவிட்ச் ஆஃப் செய்வது மட்டும் போதாது. ஸ்பைக் பஸ்டரும் மின்னலைத் தடுக்காது.

எல்லாம் பார்த்தாகிவிட்டது, ஓடவில்லை. கோவைக்கு எடுத்துப்போவதா, பாலக்காட்டிலேயே காட்டுவதா?

பாகத்தை மாற்றித் தர வேண்டியது விற்ற கடை அல்லது கம்பெனி சர்வீஸ் சென்டர். கோவையில் வாங்கியது என்றால் கோவைக்கே போங்கள். எது கெட்டது என்று தெரியாமல் இருந்தால் முதலில் பக்கத்தில் நம்பிக்கையான ஒருவரிடம் காட்டி, மாற்று ராமும் மாற்று எஸ்.எம்.பி.எஸ்.ஸும் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்குக் கூலி கேட்டால் கொடுங்கள். அறிந்தவர் நேரத்துக்குரிய கூலி அது, வீண் செலவு இல்லை.

போகும்போது பில், எல்லாப் பாகங்களின் அட்டைப் பெட்டி, பிராசசர் பெட்டியில் உள்ள சீரியல் எண் இவை கையில் இருக்க வேண்டும். பெட்டியில் வரும் இன்டெல், ஏஎம்டி பிராசசர்களுக்குப் பொதுவாக 3 வருட வாரண்டி. பெட்டியும் தாளும் இல்லாமல் மலிவாக வாங்கிய டிரே பிராசசருக்கு அது கிடைக்காது. வெயிலில் மங்கும் பில் தாளை வாங்கிய அன்றே போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பஸ்ஸில் கொண்டுபோவதானால் கிராபிக்ஸ் கார்டையும் பெரிய கூலரையும் கழற்றித் தனியாகக் கட்டுங்கள். வேகத்தடையில் பஸ் தூக்கிப்போடும் போது அந்த எடை போர்டின் ஸ்லாட்டைப் பிளந்துவிடும்.